துரைக்குச் சட்டை, பங்காளிக்கு உதை

"அண்ணி, குற்றவாளி அந்த ஏஜென்ட்தான்" என்றேன், சலவைக்கூடத்தின் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே.

"குற்றமே என்னன்னு இன்னும் தெரியலையே, ரேடியோ" என்றார் அண்ணி.

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் வேலைப் பங்கீடு இப்படித்தான். குற்றவாளியை நான் முதலில் கண்டுபிடித்துவிடுவேன். பிறகு அண்ணி சாவகாசமாகக் குற்றத்தைத் தேடுவார். இரண்டும் பொருந்தினால் எனக்குப் பெயர். இதுவரை பொருந்தியதில்லை. அவர் என் அண்ணனின் மனைவி. நான் அவருக்குக் கொழுந்தன், உதவியாளன், டீ வாங்கி வருபவன். வாய் மூடாமல் பேசுகிறேன் என்று எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ என்பது முழுப் பெயர்.

அன்று காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண், வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு பிஸ்கட் டின்னை மேஜைமேல் கவிழ்த்தார். பொத்தான்கள், கொண்டை ஊசிகள், பேனா மூடிகள், வளைந்துபோன டீஸ்பூன், பாட்டில் ஓப்பனர், அரைச் சீப்பு.

"எல்லாம் ஒரே மிஷினோட வயித்துல இருந்து எடுத்தது மேடம். யாரோ வேணும்னே போடறாங்க."

அவர் ஒரு சலவைக்கூட முதலாளியின் தங்கை. ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சீருடை, விரிப்பு எல்லாம் வெளுத்துத் தரும் பெரிய கூடம். அங்கே இரண்டு ராட்சத வாஷிங் மிஷின்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறம். ஆனால் ஒன்று ஜெர்மனியில் செய்தது; மற்றொன்று அதே கம்பெனி நம் நாட்டில் வைத்திருக்கும் தொழிற்சாலையில் செய்தது. ஜெர்மனிக்காரனை விற்றது ஓர் ஏஜென்ட்; சிபாரிசு செய்தவர், வெளிநாட்டில் இருக்கும் மூத்த சகோதரியின் கணவர், அதாவது பெரிய மாப்பிள்ளை. உள்ளூர்க்காரனுக்குப் பரிந்து பேசி வாங்கவைத்தவர், கூடத்தில் மேனேஜராக இருக்கும் சின்ன மாப்பிள்ளை. வந்திருந்த பெண்ணின் கணவர்.

ஜெர்மனிக்காரன் வந்த நாளிலிருந்து தும்மல்கூடப் போட்டதில்லை. உள்ளூர்க்காரனுக்கோ தினம் ஒரு வியாதி. நேற்று ஒரு ஹோட்டலின் சீருடைகளை மொத்தமாக விழுங்கிவிட்டுக் கதவு திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறான். சர்வர்கள் எல்லாம் சொந்தச் சட்டையில் பரிமாற, சாப்பிட வந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் தண்ணீர் கேட்டார்களாம்.

"அதோட எங்க அண்ணனுக்குப் பொறுமை போச்சு. இன்னிக்கு சாயங்காலம் பெரிய மாப்பிள்ளை போன் பண்ணுவாரு. அவர்கிட்ட அண்ணன் இன்னொரு ஜெர்மன் மிஷினுக்கு ஆர்டர் சொல்லப் போறாரு. இதைப் பழைய இரும்புக்குப் போடப் போறாரு. கூடவே எங்க வீட்டுக்காரரையும் வேற வேலை பாத்துக்கோன்னுட்டாரு. இவரும் ரோஷமா பெட்டி கட்டிட்டாரு. அண்ணனா புருஷனான்னு என்னை நடுவுல நிக்க வெச்சுட்டாங்க மேடம்."

அழவில்லை. ஆனால் டின்னின் மூடியை அவர் மூடி மூடித் திறந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நான் கஷ்டப்படுவது அபூர்வம். மூக்கின்மேல் அசல் இத்தாலிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவன் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய வழக்கு. கையில் இருந்த ஒரே துப்பு அந்த டின். அதில் கிடந்ததை எல்லாம் மிஷினுக்குள் போட்டது யார்?

முதலாளி எங்களை வாசலிலேயே மறித்தார். அவர் பேண்டின் மடிப்பில் விரல் பட்டால் ரத்தம் வந்துவிடும், அப்படி ஓர் இஸ்திரி.

"தங்கச்சி சொல்லி வந்திருக்கீங்க. வாங்க, பாருங்க. துப்பெல்லாம் துலக்க வேண்டாம். துரை எப்படி ஓடறான், பங்காளி எப்படி நிக்கறான், கண்ணால பாத்தாலே போதும்."

ஜெர்மனிக்காரனுக்குத் துரை என்று பெயர். உள்ளூர்க்காரன் எப்போதும் தகராறு செய்வதால் பங்காளி. பெயர் வைத்தது தொழிலாளர்கள். துரைக்கு வெள்ளைத் துணியில் உறை தைத்து, ஓரத்தில் லேஸ் எல்லாம் வைத்துப் போட்டிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. நெற்றியில் 'ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்ற தகடு பளபளத்தது. பங்காளி அம்மணமாக நின்றான். அவன் கதவில் செருப்புத் தடங்கள். முன்பக்கத் தகட்டின் இடது ஓரத்தில் நீளமாக ஒரு கீறல்.

கீழே மண்டியிட்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டு வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் சின்ன மாப்பிள்ளை. எங்களைப் பார்த்து ஈரக் கையோடு கும்பிட்டார்.

"மேனேஜர் எதுக்கு இதைச் செய்யறீங்க?" என்றார் அண்ணி.

"வேற யாரும் செய்ய மாட்டாங்க மேடம். துரையா இருந்தா போட்டி போட்டுத் துடைப்பாங்க."

"அந்தக் கீறலைப் பாத்தீங்களா?" என்று முதலாளி குறுக்கே புகுந்தார். "வந்த அன்னிக்கு வாசல்ல லேசா இடிச்சது. அவ்வளவுதான், பெயிண்ட் உரிஞ்சு கையோட வந்துடுச்சு. உள்ளூர் பெயிண்ட்! ஜெர்மன்காரனா இருந்திருந்தா வாசல்தான் உடைஞ்சிருக்கும்."

அண்ணி கீறலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு கீறலைத் தொட்டு, ஓரம் வரை விரலை ஓட்டி, மிஷினின் பக்கவாட்டையும் தடவினார். அங்கே வழவழவென்று இருந்தது.

"இவ்வளவு சின்ன வாசல்ல இவ்வளவு பெரிய மிஷின் எப்படி வந்துச்சு?"

பதில் சொன்னவர் சூப்பர்வைசர் அக்கா, கொண்டையில் பேனா செருகியிருந்தவர். "முழுசா வரலைங்க மேடம். முதல்ல கொண்டுவந்தது மூலையில இடிச்சு நின்னுடுச்சு. அப்புறம் மாட்ட வந்தவங்க வெளியிலயே ரெண்டுக்கும் முன்பக்கத் தகட்டைக் கதவோட கழட்டி வெச்சாங்க. உடம்பைக் குறுக்கால உள்ள தள்ளிட்டு, இங்க வந்து மறுபடி மாட்டினாங்க."

"ஓகோ" என்றார் அண்ணி. அவர் 'ஓகோ' என்றால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், வாசலில் ஏஜென்ட் கிடைத்தார்.

ஜெர்மன் மிஷினை விற்றவர். கழுத்தில் டை, கையில் தோல் பெட்டி, ஊரையே தூக்கும் சென்ட் வாசனை. முதலாளி இன்னொரு மிஷின் வாங்கினால் லாபம் யாருக்கு? இவருக்கு. அடிக்கடி கூடத்துக்கு வந்து போவது யார்? இவர். நான் பாய்ந்து பெட்டியைப் பிடித்தேன்.

"பெட்டிக்குள்ள என்ன, பொத்தானா? கொண்டை ஊசியா?"

"விடுங்க சார், அது பர்சனல்!"

இழுபறியில் பெட்டி திறந்துகொண்டது. நான்கு அழுக்குச் சட்டைகள் தரையில் விழுந்தன. கூடம் முழுவதும் வேடிக்கை பார்த்தது.

ஏஜென்ட் டையைத் தளர்த்திக்கொண்டார். "வீட்டுல மிஷின் ரிப்பேர் சார். சூப்பர்வைசர் அக்கா தயவுல துரைல போட்டுட்டுப் போறேன்."

"உங்க வீட்டு மிஷின் எந்த நாட்டுது?" என்றார் அண்ணி.

"இம்போர்ட்டட்தான்" என்றார் அவர், யாருக்கும் கேட்காத குரலில்.

நான் சட்டைகளைப் பொறுக்கி மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

"ரேடியோ, உன் கோட்டைக் கழட்டு" என்றார் அண்ணி. "கண்ணாடியைப் பாக்கெட்டுல வை. கர்ச்சீப், சீப்பு எல்லாம் இருக்கட்டும்."

"எதுக்கு அண்ணி?"

"துவைச்சு ஒரு துப்பு துலக்கப் போறேன்."

கோட்டைச் சீருடைக் குவியலில் சேர்த்து, சூப்பர்வைசர் அக்காவிடம், "இதைத் துரைல போட்டுக் குடுங்களேன்" என்றார். அந்த அம்மா முதலில் கையைக் கழுவினார். கோட்டை உதறினார். ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து, என் கண்ணாடி, கர்ச்சீப், சீப்பு, எப்போதோ காணாமல் போன ஒரு சாவி எல்லாவற்றையும் தட்டில் வைத்தார். பொத்தான் ஒன்று ஆடுகிறது என்று பார்த்து, அதையும் ஒரு தையல் போடச் சொன்னார். தராசில் எடை பார்த்து, துணிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கப் போனார். என் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பியபோதுகூட இவ்வளவு கவனிக்கவில்லை.

"இருங்க இருங்க, அவசரமா வேணும், பங்காளில போட்டுக்கறேன்" என்று அண்ணி கோட்டைத் திரும்ப வாங்கினார். தட்டில் இருந்த எல்லாவற்றையும் அதன் பாக்கெட்டுக்குள்ளேயே போட்டார். பங்காளி பக்கம் யாரும் தனியாக இல்லை. துரைக்கு அக்கா என்றால், பங்காளிக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாம்தான். அப்போது அந்தப் பக்கம் போனவர் வேன் டிரைவர்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் போட்டுடுங்களேன்."

டிரைவர் வாயில் பாட்டை நிறுத்தாமல் கோட்டைச் சுருட்டினார். கீழே கிடந்த சமையல்காரர் கோட்டுகளோடு சேர்த்து அள்ளி உள்ளே எறிந்தார். நிரம்பிவிட்டது. முழங்காலால் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் எறிந்தார். கதவை ஓர் உதை விட்டுச் சாத்தி, பொத்தானைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

"அண்ணி! என் இத்..." என்று நான் பாய, அண்ணியின் கை என் வாயைப் பொத்தியது. ரேடியோவுக்கு அணைக்கும் பொத்தான் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். பிறகு நறநற. பிறகு நீண்ட முனகல். பங்காளி நின்றுவிட்டான்.

முதலாளி ஓடி வந்தார். "பாத்தீங்களா? உங்க கண் முன்னாலயே! இதான் உள்ளூர்ச் சரக்கு!"

சின்ன மாப்பிள்ளை மறுபடி மண்டியிட்டு வடிகட்டிக்குள் கைவிட்டார். முதலில் என் சீப்பு வந்தது. பிறகு இத்தாலி, பல துண்டுகளாக வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை.

"குற்றவாளி கிடைச்சாச்சு" என்றார் அண்ணி. "வேணும்னே யாரும் எதையும் உள்ள போடல. பாக்கெட்டுல இருந்ததை யாரும் வெளியே எடுக்கல, அவ்வளவுதான். துரைக்குப் பாக்கெட் பாக்கறீங்க, எடை பாக்கறீங்க. பங்காளிக்கு ஏன் பாக்கறதில்ல?"

சூப்பர்வைசர் அக்கா கொண்டைப் பேனாவை எடுத்து மறுபடி செருகினார். "துரை வெளிநாட்டு உடம்பு மேடம், தாங்க மாட்டாரு. ஏதாவது ஆச்சுன்னா முதலாளி எங்க தோலை உரிச்சுடுவாரு. பங்காளி நம்ம ஆளு. தாங்கிப்பான்னு ஒரு உரிமைதான்."

உரிமையாம். உதைக்கிற உரிமை. எங்களோடு வந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கையின் முகம் சிவந்தது.

முதலாளி அசையவில்லை. "சரி மேடம். ஒத்துக்கறேன். ஆனா நல்ல மிஷின்னா எதையும் தாங்கணும். இதே வேலையைத் துரைகிட்ட காட்டியிருந்தா ஸ்பூனை மென்னு துப்பியிருப்பான். ஜெர்மன் ஜெர்மன்தான். என் முடிவுல மாத்தமில்ல."

சின்ன மாப்பிள்ளை துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். தங்கை அவரையே பார்த்தார். வழக்கு கையை விட்டுப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. மணி வேறு சாயங்காலத்தை நெருங்கிவிட்டது.

"அப்படியா?" என்றார் அண்ணி. "அப்போ துரையோட சட்டையைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு?"

"முதல்ல வந்த மிஷின் மூலையில இடிச்சுதுன்னு சொன்னாங்க. மூலைன்னா முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ற இடம். முன்பக்கத் தகட்டுல ஓரம் வரைக்கும் கீறல் வந்திருக்கு. அப்போ மிச்சக் கீறல் பக்கவாட்டுல இருக்கணும் இல்லையா? பங்காளியோட பக்கவாட்டுல ஒண்ணுமே இல்ல. பாதிக் கீறல் எங்க போச்சு? ஊருக்கா போச்சு?"

நானே போய் லேஸ் உறையின் நாடாவை அவிழ்த்தேன். துரையின் இடது பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. முன் ஓரத்திலிருந்து பின்னோக்கி, ஒரு முழ நீளத்துக்கு, பெயிண்ட் உரிந்த கீறல். பங்காளியின் தகட்டில் எந்த உயரத்தில் முடிந்ததோ அதே உயரத்தில் இங்கே தொடங்கியது.

"மாட்டினவங்க தகட்டை மாத்தி மாட்டிட்டாங்க" என்றார் அண்ணி. "இடிச்சது உள்ளூர் மிஷின். அதோட முகத்தை ஜெர்மன் உடம்புல மாட்டிட்டாங்க. ஜெர்மன் முகத்தை உள்ளூர் உடம்புல மாட்டிட்டாங்க. நீங்க லேஸ் வெச்சு சட்டை தெச்சுப் போட்டது உள்ளூர்க்காரனுக்கு. உதைச்சது துரையை."

"அபாண்டம்!" என்றார் ஏஜென்ட்.

"பின்னால சுவர்ப் பக்கம் கம்பெனி பேர் போட்ட இன்னொரு தகடு இருக்கும். போனை உள்ள நீட்டி ஒரு போட்டோ எடு, ரேடியோ."

எடுத்தேன். துரையின் முதுகில் நம் நாட்டுத் தொழிற்சாலையின் பெயர். பங்காளியின் முதுகில், ஒட்டடைக்கு நடுவே, ஜெர்மனி. போன் கைமாறிக் கைமாறிக் கூடம் முழுவதும் சுற்றியது. வேன் டிரைவர் பாடுவதை நிறுத்தினார். சூப்பர்வைசர் அக்கா பங்காளியின் கதவில் இருந்த செருப்புத் தடத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பேண்ட் மடிப்பு கலைந்ததைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு மிஷின்களையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று தொடையில் ஓர் அடி அடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ ஜெர்மன் சரக்குதான் மட்டம்னு சொல்லுங்க! இத்தனை நாளா நின்னு நின்னு உயிரை வாங்கினது அவன்தானா? தூக்கி எறிங்கடா அதை! இனிமே இங்க எல்லாமே உள்ளூர்தான். மாப்பிள்ளை, நீங்க சொன்னதுதான் சரி!"

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். ஏஜென்ட் சுவரில் சாய்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் ஒன்று, வழக்கு ஜெயித்தாயிற்று. சின்ன மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். வேலை நிற்கும், மரியாதை கூடும், சகலையின் மூக்கும் உடையும்.

அவர் வாயைத் திறந்தார்.

"இல்ல மச்சான். அந்த மிஷின் மேல தப்பு சொல்லாதீங்க. நான்தான் தினம் அதுக்குள்ள கைவிட்டுப் பாக்கறேன். இவ்வளவு கொடுமைக்கு எந்த மிஷினா இருந்தாலும் படுத்திருக்கும். ரெண்டுமே நல்ல மிஷின். நான் அன்னிக்கும் அதைத்தான் சொன்னேன். உள்ளூர் ஒசத்தின்னு சொல்லல."

"உங்களுக்குச் சாதகமாத்தானே பேசறேன்?"

"தெரியுது. ஆனா நாளைக்கு அதே உதையை இன்னொரு மிஷின் வாங்கும். மறுபடி வடிகட்டிக்குள்ள நான்தான் கைவிடணும்."

தங்கை முன்னால் வந்தார். காலையிலிருந்து அடக்கிவைத்தது அப்போது வெளியே வந்தது.

"அண்ணா, மிஷின்ல தகடு மாறினது யாரோ தெரியாம செஞ்சது. வீட்டு மாப்பிள்ளைங்களுக்கு நீயாத்தானே தகடு அடிச்ச? பெரியவர் வர்றாருன்னா வீட்டுக்கே வெள்ளை அடிப்ப. அவருக்குக் காத்தாடி ஓடுதா, தூக்கம் வந்துதான்னு ராத்திரி எழுந்து பாப்ப. இவரு இங்கயே இருக்காரு, நம்ம ஆளு, தாங்கிப்பாருன்னு எல்லாத்தையும் இவர் தலையில திணிச்ச. ஒருநாள் முடியலைன்னு நின்னதும், சரக்கு சரியில்லன்னுட்ட."

கூடத்தில் துரை மட்டும், அதாவது துரை இல்லாத துரை மட்டும், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலாளியின் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அவர் அதை எடுக்க யோசித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்ததாகத் தங்கை பிறகு சொன்னார்.

"என்ன மச்சான், ஆர்டர் போட்டுடலாமா?" பெரிய மாப்பிள்ளையின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வேண்டாம் மாப்பிள்ளை."

"ஏன், அந்த லோக்கல் மிஷின் மறுபடி தகராறா?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். தொழிலாளர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். போகவில்லை.

"மிஷின் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. தகராறு என்கிட்டதான். இனிமே இங்க என்ன வாங்கறது, எப்படி ஓட்டறதுன்னு உங்க சகலைதான் முடிவு பண்ணுவாரு. அவர்கிட்டயே பேசுங்க."

போனை நீட்டினார். சின்ன மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் மறுபடி பங்காளியின் வயிற்றுக்குள் இருந்தன. என் கண்ணாடியின் கடைசித் துண்டு வர மறுத்துக்கொண்டிருந்தது. தங்கை போனை வாங்கி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"சகலை, நல்லா இருக்கீங்களா?" என்றார் அவர். "ஒண்ணுமில்ல, சும்மா சொல்லக் கூடாது, நீங்க வாங்கிக் குடுத்த மிஷின் பிரமாதம். நாங்க என்ன அடி அடிச்சும் இன்னும் உயிரோட இருக்கு."